லியோனா எந்தக் கவுண்டி?

வெர்னா காரை நிறுத்தி, இறங்கி, கம்பிவேலிக் கதவைத் திறந்தாள். காரை உள்ளே ஓட்டி நிறுத்திவிட்டு மறுபடி இறங்கிக் கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினாள். காலையிலிருந்து இது பதினேழாவது கதவு. மேய்ச்சல் நிலத்துக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறவளை டன்மோர் கவுண்டி என்கிற அந்த அமெரிக்க மாவட்டத்தில் யாரும் மன்னிக்க மாட்டார்கள், மாடு சாலைக்கு வந்துவிடும். பதினாறு கதவுகளுக்குள் போய்வந்ததில் அவள் பார்த்த மனிதர்கள் நான்கு பேர்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலையில் கூரை இல்லாத வீட்டுக்கும் ஒரு படிவம் உண்டு. சுவர் இருந்தால் வீடு. அதன் முன்னால் நின்று 'ஆள் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி இன்று ஒன்பது எழுதிவிட்டாள். ஒரு வீட்டுக்குள்ளிருந்து பசு ஒன்று எட்டிப் பார்த்தது. அதற்குப் படிவம் இல்லை.

கவுண்டிக்குப் பெயர் கொடுத்த டன்மோர் ஒரு படைத் தளபதி. அவர் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. நிலம் இலவசம் என்று கேள்விப்பட்டு ரயிலேறி வந்தவர்கள்தான் மணல் மேடு என்றுகூடப் பாராமல் உழுது வைத்தார்கள். உழுத மண்ணைக் காற்று அள்ளிக்கொண்டு போயிற்று. ஐயாயிரம் பேர் இருந்த கவுண்டியில் புல்லும் மாடும் உப்பு ஏரிகளும் மிஞ்சின. முதலில் ரயில் நின்றது, பிறகு ஆஸ்பத்திரியைப் பூட்டினார்கள். போன வருடம் பிள்ளைகள் போதவில்லை என்று பள்ளிக்கூடத்தையும் பூட்டினார்கள். இருபத்திரண்டு வருடம் அங்கே சமைத்துப் போட்ட வெர்னாவுக்குக் கடைசி நாளன்று ஒரு கேக் வெட்டினார்கள். அந்தக் கேக்கையும் அவளே செய்ய வேண்டியிருந்தது.

பதினேழாவது கதவுக்கு அப்பால் எம்மெட் கூசெராவின் வீடு. எழுபத்தெட்டு வயது. மாடுகளை விற்றுவிட்டார். கண் கெட்டுப்போய் ஓட்டுநர் உரிமத்தையும் வாங்கிக்கொண்டார்கள். கார் சத்தம் கேட்டதுமே வாசலுக்கு வந்து நின்றார்.

"யாரு?"

"வெர்னா. பள்ளிக்கூடத்துச் சமையல்காரி."

"பள்ளிக்கூடமே இல்ல, சமையல்காரி எங்கேருந்து வந்தா?" என்று சிரித்தார். "உள்ள வாம்மா. காபி இருக்கு. காலைல போட்டது, கொஞ்சம் கசக்கும்."

காபி நிறையவே கசந்தது. வெர்னா குடித்தாள். விதிப்படி வாசிக்க வேண்டியதை வாசித்தாள், அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"ஏப்ரல் ஒண்ணாந்தேதி இந்த வீட்ல எத்தனை பேர் இருந்தீங்க?"

"ரெண்டு."

வெர்னா எழுதவில்லை. "எம்மெட், லியோனா லோரன்லதான இருக்காங்க? மூணு வருசமாச்சே."

லோரன் என்பது எழுபது மைல் தள்ளி, அதே பெயர்கொண்ட பக்கத்துக் கவுண்டியின் ஊர். ஆஸ்பத்திரியும் முதியோர் இல்லமும் அங்கேதான். எம்மெட்டின் மனைவி லியோனா ஞாபகம் தப்பிப்போய் அந்த இல்லத்தில் கிடந்தாள்.

"சீக்கா இருக்கா. அதுக்காக லோரன்காரி ஆயிடுவாளா? இந்த வீட்ல நாப்பத்தொம்பது வருசம் இருந்தவ. அந்த ஆணியப் பாரு, கோட்டு தொங்குதா? அது யாரோடது?"

"எங்க படுத்துத் தூங்குறாங்களோ அங்கதான் எழுதணும். சட்டம் அப்படி."

"அவள அங்க தூங்க வெச்சது யாரு? ஆளு கம்மின்னு இங்க ஆஸ்பத்திரியப் பூட்டினாங்க. பூட்டினதால அவ போனா. அவ போனதால ஆளு இன்னும் கம்மி. நல்லா இருக்கும்மா உங்க கணக்கு."

அவர் எதற்குச் சுற்றி வளைக்கிறார் என்பது வெர்னாவுக்குத் தெரியும். செவ்வாயும் வெள்ளியும் கவுண்டி வேன் ஒன்று வயதானவர்களை லோரனுக்கு ஏற்றிப்போய்க் கூட்டி வரும். நானூறு பேருக்குக் குறைந்த கவுண்டிக்கு வேன் பணம் கிடையாது என்று மாநிலத்தில் முடிவு செய்திருந்தார்கள். இந்தக் கணக்கெடுப்பில்தான் அது தெரியப்போகிறது.

எம்மெட் கோப்பையை மேசையில் தடவி வைத்தார். "வேன் நின்னா நான் எப்படிம்மா போவேன்? அவளுக்கு நான் யாருன்னு தெரியாது, அது வேற. வாரத்துல ரெண்டு நாளு யாரோ ஒருத்தன் வந்து கையப் புடிச்சிட்டு உக்காந்திருக்கான்னாவது தெரியும்ல?"

வெளியே காற்றாலை கிறீச்சிட்டுச் சுற்றியது. தன் வீட்டுப் படிவத்தை வெர்னா ஏற்கெனவே நிரப்பிக் கொடுத்துவிட்டாள். 'ஒன்று' என்று எழுத அரை நிமிடம்கூட ஆகவில்லை. அன்று இரவு முழுக்க ரேடியோவை அணைக்காமல் படுத்திருந்தாள். இந்த வேலைக்கு வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்திருக்கிறாள். பொய் எழுதினால் அபராதம் உண்டு, சிறைகூட உண்டு என்று மேற்பார்வையாளர் மார்லீஸ் இரண்டு தரம் சொன்னாள். இன்னும் ஏழு வாரம் வேலை இருந்தது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

அவள் 'இரண்டு' என்று எழுதினாள். அடுத்த வரியில் லியோனா கூசெரா, மனைவி, வயது எழுபத்து நான்கு.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"இன்னும் கொஞ்சம் காபி குடி," என்றார் எம்மெட். அவள் மறுக்கவில்லை.

ஒன்பதாம் நாள் மார்லீஸ் தொலைபேசியில் கூப்பிட்டாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம், அவள் இரங்கிப் பேசினாள். "பத்து வீட்டுக்கு ஒரு வீடு நாங்க கூப்பிட்டுச் சரிபார்ப்போம்னு சொன்னேன்ல, வெர்னா? கூசெரா வீட்ல ஒருத்தர்தான். அந்தம்மாவ இல்லத்துலயே எண்ணிட்டாங்க. கேஸ் எதுவும் போட மாட்டோம், நான் பேசிட்டேன். கணக்கெடுப்புப் பையையும் அடையாள அட்டையையும் தபால்ல அனுப்பிடு."

வெர்னா தபாலில் அனுப்பினாள். மறுநாள் எம்மெட் வீட்டுக்குப் போனாள். போகிற வழியெல்லாம் நான்கு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு போனாள்.

எம்மெட் முகம் மழித்து, சுத்தமான சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை உற்சாகமாக அவரை அவள் பார்த்துப் பல நாளாயிற்று.

"ஒரு ஆளு போன் பண்ணாம்மா. எங்கேருந்தோ. ரொம்ப மரியாத தெரிஞ்ச ஆளு. லியோனா இருக்காங்களா, எப்படி இருக்காங்கன்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எல்லாம் சொன்னேன். பன்னெண்டாம் நம்பர் ரூமு, ஜன்னலத் தொறந்தா மரம் தெரியும், பீச் பழம் குடுத்தா சாப்பிடுவா, பாட்டு போட்டா வெரல ஆட்டுவான்னு. அரை மணி நேரம் கேட்டுக்கிட்டே இருந்தான். இல்லத்து நம்பரும் குடுத்தேன், நீங்களும் கூப்பிடுங்க, சந்தோசப்படுவான்னேன்." சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "மூணு வருசமா ஒருத்தரும் எங்கிட்ட அவளப் பத்திக் கேட்டதில்ல. மாட்டு வெல கேப்பாங்க, மழை பேஞ்சுதான்னு கேப்பாங்க. கேட்டா அழுதுடுவேன்னு பயம்போல."

வெர்னா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, சொன்னது தப்பா?"

"தப்பில்ல, எம்மெட். நல்லதுதான் சொன்னீங்க."

வேலை போனதை அவள் சொல்லவே இல்லை. திரும்பி வரும்போது கதவைச் சாத்திவிட்டுக் கொக்கியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தாள்.

மறு வருடம் கணக்கு வந்தது. டன்மோர் கவுண்டி, முந்நூற்று எண்பத்தொன்பது. நானூறுக்குப் பதினொரு பேர் குறைவு. லோரன் இல்லத்தில் டன்மோர்க்காரர்கள் பதினான்கு பேர் படுத்திருந்தார்கள். ஜூன் கடைசியோடு வேன் நின்றது. ஆள் கூடியிருந்த லோரன் கவுண்டிக்குச் சக்கர நாற்காலியைத் தூக்கும் வசதியோடு புது வெள்ளை வேன் வந்தது.

வெர்னா ஒரு பண்ணையில் புல் அறுக்கும் ஆட்களுக்குச் சமைக்கப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, அதுவும் அரை நாள்தான் ஓய்வு. தன் காரில் எம்மெட்டை லோரனுக்குக் கூட்டிப்போய் வந்தால், லியோனாவின் பக்கத்தில் உட்கார நேரம் மிஞ்சாது. அதனால் ஒரு தடவை இல்லத்தின் வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் கேட்டுப் பார்த்தார்கள்.

"புது வேன்ல இவர ஏத்திக்க முடியுமா?"

"எங்க கவுண்டி ஆளுங்களுக்கு மட்டுந்தாங்க," என்றாள் அந்தப் பெண். அவளுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

"என் பொண்டாட்டி உங்க ஆளுதானே?" என்றார் எம்மெட்.

அவள் பட்டியலைப் பார்த்தாள். "லியோனா கூசெரா. ஆமா, எங்க ஆளுதான்."

"அப்ப அவள ஏத்தலாம்ல?"

"தாராளமா. கவுண்டி எல்லை வரைக்கும்."

அடுத்த ஓய்வு ஞாயிறன்று வெர்னா எல்லையில் காரை நிறுத்தினாள். டன்மோர் பக்கத்துச் சாலை வெளுத்து வெடித்திருந்தது. லோரன் பக்கம் புதுத் தார். அந்தத் தாரின் ஓரத்தில் வெள்ளை வேன் வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கிப் பக்கக் கதவைத் திறந்தான். லியோனாவின் சக்கர நாற்காலியைச் சாலையில் இறக்க அனுமதி இல்லை, பத்து நிமிடம் தரலாம் என்றான்.

எம்மெட் கைத்தடியால் தரையைத் தட்டிக்கொண்டு புதுத் தாரில் ஏறி, கதவருகே போய் லியோனாவின் கையைத் தேடிப் பிடித்தார். நேராகப் பார்த்தால் அவருக்கு எதுவும் தெரியாது, ஓரப் பார்வைதான் மிச்சம். அதனால் அவள் முகத்தைப் பார்ப்பதற்காகப் புல்வெளிப் பக்கம் திரும்பி நின்றார்.

எங்கோ பார்த்தபடி தன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதரை லியோனா வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஓட்டுநர் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"யாருப்பா இவரு?"

"பக்கத்துக் கவுண்டிக்காரரும்மா," என்றான் ஓட்டுநர்.

எம்மெட் கையை விடவில்லை. ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்தான்.