சாவி வாளி

“இங்க நிக்கிற வண்டியில ரயிலேறிப் போனவங்க வண்டி எத்தனைம்மா?”

அந்த மனிதர் கேட்டது இவ்வளவுதான். அதட்டவில்லை, மிரட்டவில்லை. வெயிலில் நடந்து வந்த களைப்போடு, கக்கத்தில் ஃபைலை இடுக்கிக்கொண்டு, டோக்கன் கூண்டுக்குள் இருந்தவளிடம் சாதாரணமாகத்தான் கேட்டார். ரயில்வே ஆபீசிலிருந்து கணக்கெடுக்க வந்தவர்.

அவளுக்கு அந்தப் பதில் தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் அவ்வளவு சரியாகத் தெரிந்திருக்காது.

ஸ்டேஷனை ஒட்டிய அந்தத் தகரக் கூரை வண்டி ஸ்டாண்டு அவளுடைய மாமாவின் காண்டிராக்ட். பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவளை மாமா இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தார். ஏழு வருடமாகிறது. எல்லாரும் அவளை ‘டோக்கன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், தினமும் வருகிறவர்கள் யாருக்கும் அவள் டோக்கன் கொடுத்ததே இல்லை.

கொடுக்க வேண்டும் என்பதுதான் விதி. ரயிலுக்குப் போகிறவர்களுக்கு மஞ்சள் டோக்கன், பக்கத்துக் கடைத்தெருவுக்கு வருகிறவர்களுக்கு வெள்ளை டோக்கன். ஆனால் காலை ஆறு பத்து ரயிலைப் பிடிக்கிறவர்கள் ஆறு ஏழுக்குத்தான் வந்து சேருவார்கள். நம்பர் எழுதி, டோக்கன் கிழித்து, கையில் கொடுப்பதற்குள் ரயில் கிளம்பிவிடும். வந்த புதிதில் இரண்டு பேர் அப்படி ரயிலை விட்டுவிட்டு, அவளைத் திட்டவும் மனமில்லாமல் தலையில் கைவைத்து நின்றதைப் பார்த்தாள். மறுநாளே ஒரு காலி பெயின்ட் வாளியைக் கழுவி வாசலில் வைத்தாள். வண்டியை அப்படியே விட்டுவிட்டு, சாவியை வாளியில் போட்டுவிட்டு ஓடலாம். மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.

சாவிகள் வாளிக்குள் சடசடவென்று விழும். ரயில் போன பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, யார் சாயங்காலம் எந்த ரயிலில் திரும்புவார்கள் என்று பார்த்து, அந்த வரிசையில் வண்டிகளைத் தள்ளி நிறுத்திவிட்டு, சாவிகளை மறுபடி வாளியிலேயே போட்டுவைப்பாள். சாவிக்கொத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். பெரிய இரும்பு நட்டு தொங்கினால் லேத் பட்டறைக்காரர். பாட்டில் திறக்கும் கொக்கி என்றால் பாங்க் கிளார்க். சோடாகூடக் குடிக்காத மனுஷன். கைக்குழந்தையின் ஒற்றைச் செருப்பு கோத்திருந்தால் அது நர்ஸ் அக்கா.

அவளிடம் நின்று பேசுகிறவர் நர்ஸ் அக்கா ஒருவர்தான். ரயிலுக்கு இருக்கும் மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடத்தை அதற்குச் செலவழிப்பார்.

“ஏய் டோக்கன், என் வண்டியை முன்னாடி போடு. இன்னிக்கு சீக்கிரம் வந்துடுவேன்.”

தினமும் இதே பொய். ஒரு நாளும் சீக்கிரம் வந்ததில்லை. ஆனாலும் அந்த நீல ஸ்கூட்டர் தினமும் முதல் வரிசையில் முதலாவதாகத்தான் நிற்கும். அவள் பதிலுக்குச் சிரிப்பதோடு சரி.

“வாய்க்கு என்னடி, பூட்டு போட்டிருக்கியா? அந்தச் சாவியும் வாளிக்குள்ளதான் கிடக்கும், தேடிப் பாரு” என்று சொல்லிக்கொண்டே படியேறி ஓடுவார்.

ஆகவே, அந்த மனிதர் கேட்ட அன்று பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. இருநூற்று ஏழு. ஆனால் வெறும் எண்ணைச் சொன்னால் போதாது. டோக்கன் ஏன் இல்லை என்பார். வாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஆறு பத்து ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத ஆளிடம், முகத்தைப் பார்த்து, அவ்வளவு நீளமாக.  அவள் மஞ்சள் டோக்கன் புத்தகத்தை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

கிழித்த டோக்கன்களின் அடிக்கட்டைகளை அவர் புரட்டினார். ஊருக்குப் புதியவர்களும் எப்போதாவது ரயிலேறுகிறவர்களும் வாங்கியவை அவை.

“ஒரு நாளைக்குப் பத்தொம்பதுதானா?” என்று கேட்டுவிட்டு, பின்னால் நின்ற வண்டிகளைப் பார்த்தார். “அப்போ இது அத்தனையும் கடைத்தெருவுக்கு வந்த வண்டியா?”

பள்ளிக்கூடத்தில் அவள் கற்றுக்கொண்ட ஒரே வித்தை அது. டீச்சர் “புரிஞ்சுதா?” என்றால் தலையை ஆட்டிவிட வேண்டும். ஆட்டினால் கேள்வி அடுத்த பெஞ்சுக்குப் போய்விடும். ஆட்டி ஆட்டித்தான் பத்தாவதில் நான்கு பாடத்தில் கோட்டை விட்டாள்.

அன்றும் தலையை ஆட்டினாள்.

“ரொம்ப நன்றிம்மா. இப்படிச் சுருக்கமா பதில் சொல்ற ஆள் கிடைக்கிறதே கஷ்டம்” என்று சொல்லி, எதையோ எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார். கேள்வி போய்விட்டது என்ற நிம்மதியில் அவள் அன்று சாயங்காலம் வரை சந்தோஷமாகக்கூட இருந்தாள். பிறகு அந்த நிம்மதியை நினைக்கும்போதுதான் அவளுக்கு அதிகமாகக் கூசியது.

நாலு மாதம் கழித்து ஸ்டேஷன் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து ஆறு பத்து ரயில் கிடையாது. முதல் ரயில் இனி எட்டு நாற்பதுக்குத்தான். நிதிப் பற்றாக்குறையால், பயன்பாடு குறைந்த தடங்களில் வண்டிகள் குறைக்கப்படுகின்றன. கீழே ஒரு வரி: ‘வாகன நிறுத்துமிடத்தைப் பயன்படுத்தும் ரயில் பயணிகள், நாளொன்றுக்கு: 19.’

நர்ஸ் அக்கா அதை உரக்கப் படித்தார்.

“பத்தொம்பதா? என் சாவியைப் போட்டா அடியில முட்டுறதே இல்ல, வாளி அவ்வளவு நிறைஞ்சு கிடக்கு. எந்தக் கண்ணு தெரியாதவன் எண்ணினான்?”

“பயன்பாடு குறைவாம்!” என்றார் லேத் பட்டறைக்காரர். “நான் ஒத்தைக் கால்ல நின்னுக்கிட்டுப் போறேன். இன்னொரு காலை வைக்க இடம் இருந்தாத்தானே?”

எல்லாரும் சிரித்தார்கள். நர்ஸ் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கூண்டருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

“ஏழு மணிக்கு நான் வார்டுல நிக்கணும் டோக்கன். முதல் பஸ்ஸைப் பிடிச்சாலும் எட்டரை ஆயிடும். இந்த ரயில் போச்சுன்னா ஆஸ்பத்திரி ஹாஸ்டல்லதான் தங்கணும். எங்க பாப்பாவுக்கு ஞாயித்துக்கிழமைக்கு மட்டும்தான் அம்மா.” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “நீ எனக்கு ஒரு உதவி பண்ணு. நிஜமா எத்தனை வண்டின்னு எழுதிக் குடு. நாங்க ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் காட்டுறோம்.”

அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் தலையை ஆட்டினாள்.

வீட்டுக்குப் போய் ஒரு பழைய பள்ளி நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்தாள். வண்டி நம்பர், நிறம், சாவிக்கொத்து, எத்தனை வருடமாக வருகிறார், எந்த ரயிலில் திரும்புகிறார். எதையும் பார்த்து எழுதவில்லை. ஞாபகத்திலிருந்து இருநூற்று ஏழு வரி. வாயால் ஒரு வரி சொல்ல முடியாதவளுக்குக் கை நிற்காமல் ஓடியது. கடைசிப் பக்கத்தில், ‘அன்று கேட்டபோது நான்தான் தலையாட்டினேன்’ என்று எழுதினாள். படித்துப் பார்த்தாள். அந்தத் தாளை மட்டும் கிழித்துவிட்டு நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

புதன்கிழமை நர்ஸ் அக்காவும் லேத் பட்டறைக்காரரும் பாங்க் கிளார்க்கும் லீவு போட்டுவிட்டு ரயில்வே ஆபீசுக்குப் போனார்கள். சாயங்காலம் ஐந்து ஐம்பது ரயிலில் திரும்பினார்கள். போன காரியம் ஆகவில்லை என்று படியிறங்கி வந்த நடையிலேயே தெரிந்துவிட்டது.

மாமா அன்று ஸ்டாண்டில் இருந்தார். லேத் பட்டறைக்காரர் நேராக அவரிடம் போனார்.

“நல்லா இருக்குதுங்க உங்க வேலை! கணக்கைச் சொன்னதே உங்க ஸ்டாண்டுதானாமே? ‘நிறுத்துமிட ஊழியரிடம் கேட்டு உறுதி செய்யப்பட்டது’ன்னு ஃபைல்ல எழுதியிருக்கு. எங்க கண்ணால பாத்தோம்.”

“நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லலியேப்பா” என்றார் மாமா, ஒன்றும் புரியாமல். “அந்த ஆளை நான் பாத்ததுகூட இல்ல.”

“பின்ன, கூரைத் தகரமா சொல்லுச்சு? ரயில் போனா முழு இடத்தையும் கடைக்காரங்களுக்கு விடலாம்னு கணக்குப் போட்டிருப்பீங்க.”

“வாயை அளந்து பேசுப்பா!”

பாங்க் கிளார்க் இருவருக்கும் நடுவில் வந்தார். “சண்டை எதுக்குங்க? பணத்தை வேற தடத்துக்கு ஒதுக்கியாச்சாம். இந்த நோட்டு நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்னு அந்த அதிகாரியே சொன்னார். இனி என்ன கத்தினாலும் ஆகாது.”

 ஏழு வருடத்தில் மாமாவை யாரும் அப்படிப் பேசியதில்லை. அவர் பதில் தேடி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் பேசாமல் இருந்தால் போதும், பழி அவரோடு நின்றுவிடும். தலையைக்கூட ஆட்ட வேண்டியதில்லை.

“நான்தான்” என்றாள்.

குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. மூவரும் திரும்பினார்கள்.

“மாமா இல்ல. அன்னிக்கு நான்தான் இருந்தேன். இதெல்லாம் கடைத்தெரு வண்டியான்னு அவர் கேட்டார்.”

நர்ஸ் அக்கா கூண்டருகே வந்தார். “நீ ஆமான்னு சொன்னியா?”

“சொல்லலக்கா. தலையாட்டினேன்.”

“தெரியாமலா?”

“தெரியும்.”

“பின்ன ஏன்டி?”

அதற்கு நீளமான பதில் ஒன்று இருந்தது. அவள் வாயைத் திறந்தாள். அந்த மனிதர், அவர் கக்கத்து ஃபைல், டீச்சர், பெஞ்சு எல்லாம் ஒன்றாக முண்டியடித்து வந்தன, எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை. அடித்தாலாவது தேவலை என்று நினைத்தாள். திட்டினால், தன் வாய்ப்பூட்டைப் பற்றி வழக்கம் போல ஏதாவது சொன்னால், அழுதுவிடலாம்.

 நர்ஸ் அக்கா பைக்குள் கைவிட்டு அந்த நோட்டை எடுத்து, அதன் மடங்கிய முனையைத் தடவிச் சரிசெய்து, கூண்டின் பலகை மேல் வைத்தார். குனிந்து வாளிக்குள் துழாவினார். ஒற்றைச் செருப்பு கோத்த சாவி மேலாகத்தான் கிடந்தது.

நீல ஸ்கூட்டர் முதல் வரிசையில் முதலாவதாக நின்றது. அதைத் தேட வேண்டியிருக்கவில்லை. நர்ஸ் அக்கா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வண்டியைக் கிளப்பாமல் வாசல் வரை தள்ளிக்கொண்டே போனார். அங்கே ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.