ஆதிலட்சுமிக்கு வந்த சீட்டு

1.

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. பறிகொடுத்தவள் என் மனைவி மேனகா. புதுச்சேரியில் ஒரு பள்ளியில் யு.கே.ஜி. மிஸ். பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எனக்கு வீட்டில் சோறு கிடையாது. ஒரு பத்திரிகை கிறிஸ்துமஸ் மலருக்குக் கதை கேட்டது. கைவசம் ஒன்றும் இல்லை. அவள் சாப்பிடும்போது சொன்னதை அப்படியே அள்ளிக்கொண்டேன்.

முதல் வரி இப்படி இருந்தது: 'மார்கழிப் பனியில் மிதந்து வந்த தேவாலய மணியோசை அந்தப் பிஞ்சு நெஞ்சங்களில்...'

(அடித்துவிட்டேன். பிஞ்சு நெஞ்சங்களில் இரண்டு அப்போது பசையைத் தின்றுகொண்டிருந்தன.)

2.

வகுப்பில் நட்சத்திரம் வெட்டியாயிற்று. அட்டைப்பெட்டியில் குடில் கட்டியாயிற்று. பிரெஞ்சு சிஸ்டர் வந்து 'ஜுவாயே நோயல்' என்று கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லிக்கொடுத்து, இருபத்துநான்கு வாய்களில் இருபத்துநான்கு புது மொழிகளைக் கேட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு போனார். அடுத்தது கிறிஸ்துமஸ் ஃப்ரெண்டு. எல்லார் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்க வேண்டும். யார் பெயர் வருகிறதோ, விழா நாளில் அவரைக் கூப்பிட்டுப் பரிசு தர வேண்டும். அதுவரை ரகசியம்.

"யார்கிட்டயும் சொல்லக்கூடாது, அம்மாகிட்டகூட" என்றாள் மேனகா. தன் பெயரே வந்தால் திருப்பிப் போட்டுவிட வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டாள்.*

ஆதிலட்சுமிக்கு ஐந்து வயது. அவளுக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே சொல் அவள் பெயர். சீட்டைப் பிரித்தாள். வாசித்தாள். மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

* இதை எழுதக் கூடாது என்று மேனகா சொல்லியிருந்தாள்.

3.

முதலில் இவளைச் சானியா என்றுதான் எழுதினேன். மலர் ஆசிரியர் ராஜவேல் "மத நல்லிணக்கமா இருந்தா நல்லாருக்கும் சார்" என்றிருந்தார். ஆனால் பிள்ளைச்சாவடியிலிருந்து வேனில் வந்து இறங்கும் இந்த மீன்காரர் வீட்டுப் பெண் வேறு யாராகவும் இருக்க ஒப்புக்கொள்ளவில்லை. விட்டுவிட்டேன்.

(அடுத்து வரும் பேச்சு அவள் அம்மா அன்புசெல்வி பிறகு சொன்னது. நான் கொஞ்சம்தான் உப்பு போட்டேன்.)

"யாருக்குடி கிஃப்டு?"

"சொல்லக்கூடாது."

"பொண்ணா, பையனா? அதயாவது சொல்லு."

"பொண்ணு."

"அவளுக்கு இன்னா புடிக்கும்?"

ஆதி யோசிக்கவே இல்லை. "சோப்பு முட்ட வுடுற டப்பா. பச்ச கலரு."

"கரெக்டா சொல்றியே. ரொம்ப தோஸ்தோ?"

"ம். நல்ல பொண்ணும்மா. ஆனா அடிக்கடி அழுவா."

4.

விழா நாள். ஒவ்வொரு பிள்ளையாக வந்து, ஃப்ரெண்டைக் கூப்பிட்டு, பரிசு கொடுத்து, கைகுலுக்கியது. ஒவ்வொரு தடவையும் வகுப்பே கைதட்டியது. கடைசியாக ஆதி முன்னால் வந்து நின்றபோதுதான் மேனகா கவனித்தாள்: மற்ற இருபத்துமூன்று மடிகளிலும் பரிசு இருக்கிறது. பின்னால் பெற்றோர்கள் வேறு நிற்கிறார்கள்.

ராஜவேல் விரும்பும் முடிவு: கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போட்ட வேன் டிரைவர் பாவாடை, பரிசு மூட்டையோடு ஓடிவந்து...

(பாவாடை அந்த நேரம் தாடி அரிக்கிறதென்று கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்.)

நான் எழுதி வைத்திருந்த முடிவு: ஆதி தேம்பித் தேம்பி...

(வெட்கமாக இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளையை அழவைத்துத்தான் நான் எழுத்தாளன் ஆக வேண்டுமா?)

நடந்தது இது. ஆதி, "ஆதிலட்சுமி!" என்று உரக்கக் கூப்பிட்டாள். பரிசை மேசைமேல் வைத்தாள். ஓடிப்போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். "வரேன் மிஸ்" என்று எழுந்து, நடந்து வந்தாள். பரிசை எடுத்து வலது கையிலிருந்து இடது கைக்குக் கொடுத்தாள். கையோடு கை குலுக்கினாள். "ஹாப்பி கிறிஸ்துமஸ்" என்றாள். "தேங்க் யூ" என்றும் அவளே சொன்னாள்.

பிள்ளைகள் கைதட்டினார்கள், மற்றவர்களுக்குத் தட்டிய அதே அளவு. ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னால் அன்புசெல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பெரியவர்களுக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

5.

"இது சோகமா, சந்தோஷமா சார்? படம் போடணும்" என்கிறார் ராஜவேல்.

மேனகாவிடம் கேட்டேன்: "நீ கைதட்டினியா?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அன்று நான் அங்கே இல்லை. நீங்கள் இப்போது இருக்கிறீர்கள், பின்னால், பெரியவர்களோடு. பிள்ளைகள் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆதி உங்களைப் பார்க்கிறாள்.