ஒரு மிஸ்டு கால் போதும்

ஷமீராவின் மூன்று அறுவடை வண்டிகளும் அவள் பெயரில்தான் இருந்தன. வண்டி கேட்டு வரும் போன் மட்டும் அவள் கணவனின் தம்பி ஆஸிமின் சட்டைப் பையில் இருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி உத்தியோகத்தை ஆஸிம் குறைவில்லாமல் பார்த்துவந்தான்.

கணவன் சித்தீக் குவைத்துக்குப் போகும்போது, "போனை ஆஸிம் பாத்துக்கட்டும், வண்டியை நீ பாத்துக்க" என்று பாகம் பிரித்துவிட்டுப் போனான். டீசல், டிரைவர், உடைந்த பிளேடு எல்லாம் ஷமீரா தலையில். எந்த வயலில் வண்டி இறங்குவது என்பதை மட்டும் ஆஸிம் கூத்தாநல்லூர் டீக்கடையில் உட்கார்ந்து முடிவு செய்வான். முதலில் கூட்டாளிக்கு, அப்புறம் கூட்டாளியின் மாமனாருக்கு.

போன சம்பாவில் குத்தகை நிலத்தில் பயிர் வைத்திருந்த மதுரம் கொடுத்த மிஸ்டு கால்களை அவன் சீண்டவே இல்லை. தை மழை பிடித்துக்கொண்டது. சாய்ந்த கதிர் தண்ணீரிலேயே முளைத்துவிட்டது. மதுரம் சண்டைக்கு வரவில்லை. கடைத்தெருவில் பார்த்தபோது, "உங்க வண்டிதான் ரோட்டுல போச்சு, பாத்துக்கிட்டே நின்னேன்" என்றாள். அன்று ஷமீராவுக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது.

இந்தப் பக்கத்தில் மிஸ்டு கால் என்பது காசை மிச்சம் பிடிக்கிற வித்தை அல்ல. பேச்செல்லாம் இலவசமான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வண்டி வேண்டுமென்றால் ஒரு ரிங் விட்டு வெட்டுவார்கள், வண்டிக்காரன்தான் திருப்பிக் கூப்பிட வேண்டும். முதலில் பேசுகிறவன் கெஞ்சுகிறவன் ஆகிவிடுவானாம். வேலிக் கணக்கில் நிலம் வைத்திருந்த வீட்டாருக்கும் இந்த மிடுக்கு உண்டு, ஒரு மா நிலத்தில் பயிர் வைக்கும் குத்தகைக்காரிக்கும் உண்டு.

இந்த சம்பா அறுப்புக்கு முன்னால் ஷமீரா தஞ்சாவூரிலிருந்து ஹரிசங்கரை வரவழைத்தாள். கிளவுட் போன் சிஸ்டம் விற்பவன். ஒரே எண்ணுக்கு வரும் அழைப்பு எத்தனை பேர் கைபேசியிலும் அடிக்கும். யார் கூப்பிட்டார்கள், யார் பேசினார்கள் என்பதெல்லாம் எல்லோர் திரையிலும் நிற்கும். ஒருத்தன் சட்டைப் பையில் அடங்குகிற சாமான் அல்ல அது. ஷமீராவுக்கு வேண்டியதும் அதுதான்.

அவன் மடிக்கணினியைத் திறந்து மாதிரி அழைப்பு ஒன்றைப் போட்டுக் காட்டினான். ஒரு ரிங் முடிவதற்குள் குரல் வந்தது: "நல்வரவு. சேற்று வயலுக்குச் செயின் வண்டி வேண்டுமெனில் ஒன்றை அழுத்தவும். காய்ந்த வயலுக்கு டயர் வண்டி வேண்டுமெனில் இரண்டை..."

அண்ணன் மனைவியை மச்சி என்று அழைக்கும் ஆஸிம் விழுந்து விழுந்து சிரித்தான். "மச்சி, இதைக் கேட்டா நம்மாளுங்க போனை வாய்க்கால்ல வீசிட்டுப் போயிடுவாங்க."

அவன் சொன்னது சரிதான். அதுதான் அவளுக்கு எரிச்சல்.

"இது போனை எடுக்காம இருக்குமா?" என்று ஷமீரா கேட்டாள்.

ஹரிசங்கர் விழித்தான். "எடுக்கறதுக்குத்தானே மேடம் சிஸ்டமே? எல்லாரும் இந்தப் பெரிய பிளானைத்தான் வாங்கறாங்க."

"எல்லாரும் நெல்லா அறுக்குறாங்க? ரிங் அடிக்கட்டும். அவங்க வெட்டட்டும். வெட்டின நம்பர் என் போன்லயும் டிரைவருங்க போன்லயும் நிக்கணும். திருப்பிக் கூப்பிடுற வரைக்கும் அழியக் கூடாது, வந்த வரிசை மாறக் கூடாது. அப்படி ஒண்ணு இருக்கா?"

"இருக்கு, சின்ன பிளான். ஆனா அதுல வரவேற்பு குரல் வராது."

"வேணாம். எனக்கு வாய் இருக்கு."

ஆஸிமின் சிரிப்பு நின்றது. "நீங்களா பேசப் போறீங்க? ஊர்ல என்ன பேசுவாங்க மச்சி?"

"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. பேசிட்டுப் போகட்டும். வண்டி வேணும்னா என்கிட்டயும் பேசித்தானே ஆகணும்?"

ஹரிசங்கர் இடையில் புகுந்தான். "பழைய நம்பருக்கு வர்ற காலை இதுக்குத் திருப்பி விடணும். அது யார்கிட்ட இருக்கு?"

ஆஸிம் பையைத் தட்டிக் காட்டினான். "என்கிட்ட. தர மாட்டேன். வேணும்னா புது நம்பர் வாங்கிக்கங்க, எவன் கூப்பிடுறான்னு பாப்போம்."

வண்டியிலும் மன்னார்குடி வரைக்கும் உள்ள சுவர்களிலும் எழுதியிருப்பது பழைய எண்தான். அது அவனுக்குத் தெரியும்.

"சிம் யார் கையில இருந்தா என்ன சார்? யார் பேர்ல வாங்கினது?"

ஆஸிமின் கை பையை விட்டு இறங்கியது. ஷமீராவுக்குச் சட்டென்று நினைவு வந்தது. வண்டிக் கடனுக்காக எடுத்து வைத்திருந்த அவளுடைய ஆதார் நகலைக் கொடுத்துத்தான் சித்தீக் அந்த சிம்மை வாங்கினான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டா நெய்க்கு அலைந்தோம் என்று தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

மறுநாள் போன் கடைக்குப் போனாள். "சிம் தொலைஞ்சிருச்சாம்மா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"தொலையல. எங்க இருக்குன்னு நல்லாத் தெரியும். இனிமே அங்க இருக்க வேணாம்." கைரேகை வைத்து அதே எண்ணுக்குப் புது சிம் வாங்கினாள். ஹரிசங்கர் சொன்னபடி அழைப்புகளைத் திருப்பிவிட்டாள். டீக்கடையில் ஆஸிமின் பையில் இருந்த போன் செத்தது.

அறுப்பு தொடங்குகிற நேரம். அவன் வீட்டுக்குள் கத்திக்கொண்டே வந்தான். குடும்ப மானம், அண்ணன் வரட்டும், எல்லாம் வந்தது. நடுவில் ஷமீராவின் போன் ஒரு ரிங் அடித்து நின்றது. அவள் திருப்பிக் கூப்பிட்டாள். பெரிய பண்ணைக்காரர் கல்யாணம் எடுத்தார்.

"ஆஸிம் இல்லையா?"

"இல்லைங்க. வண்டிக்காரி பேசுறேன். செயினா, டயரா?"

மறுமுனையில் கல்யாணம், "வண்டிக்காரியா?" என்று இழுத்தார். ஆஸிமின் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. ஷமீரா போனைக் கீழே வைக்கவில்லை.

"சேறாத்தான் கெடக்கு. செயின் அனுப்பும்மா."

"அனுப்புறேங்க. உங்களுக்கு முன்னாடி மதுரம் கூப்பிட்டிருக்காங்க. அவங்க வயல் முடிஞ்சதும் உங்க வயல்தான்."

"மதுரத்துக்கு அப்புறமா நான்?"

"ஆமாங்க. வந்த வரிசை."

கல்யாணம் தொண்டையைச் செருமினார். "சரி. மழைக்கு முன்னாடி வந்தாச் சரி."

ஆஸிம் குரலைத் தணித்துக்கொண்டு, "மச்சி, நாளைக்கு என் கூட்டாளி வயலுக்கு வண்டி போகணும். வாக்கு குடுத்துட்டேன்" என்றான்.

"நம்பர் வண்டியிலேயே எழுதியிருக்கு" என்றாள் ஷமீரா. "மிஸ்டு கால் குடுக்கச் சொல்லு. நான் கூப்பிடுறேன்."