நாலு பேருக்கு ஒரு நம்பர்

எங்கள் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே போன்தான். அது என்னிடம் இருக்கும். இருபத்திரண்டு வருடம் ஒரு பெரிய ஹோட்டலில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள் நான். வேலை போய், வீடும் போய், மூடிக்கிடக்கிற பர்னிச்சர் கடையின் பின்பக்கக் கொட்டகைக்கு வந்து சேர்ந்த பிறகும் குரல் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. குடியிருப்பு அலுவலகத்தில் அறை கேட்டு மனு போட்டபோது, தொடர்பு எண் என்ற கட்டத்தில் நாலு பேரும் என் நம்பரையே எழுதினோம். வேறு எதை எழுதுவதாம்?

அன்று காலை பத்து மணி. நூலகத்தில் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அலுவலகத்திலிருந்து அதிகாரியம்மா கூப்பிட்டார்.

"ஏம்மா, ஒரே நம்பர்ல நாலு மனு இருக்கு. நாலும் நீங்கதானா?"

"இல்லைங்க. ஆளு நாலு பேர். நம்பர்தான் ஒண்ணு."

"யாருகிட்ட கதை விடறீங்க? போன மாசம் எலெக்ட்ரீஷியனுக்குக் கூப்பிட்டேன், இதே குரல். தையல்காரம்மாவுக்குக் கூப்பிட்டேன், இதே குரல். டிரைவர் ஐயாவுக்கும் இதே குரல்!"

என் தப்புதான். 'சொல்லுங்க, குறிச்சுக்கறேன்' என்று ஹோட்டல் பழக்கத்தில் எடுத்திருக்கிறேனே தவிர, நான் யார் என்று ஒரு தடவையாவது சொன்னேனா? ஆபரேட்டருக்கு ஏது பேர்!

"போகட்டும்," என்றார் அவர். "உங்க மனு பட்டியல்ல முதல் இடத்துல இருக்கு. மத்த மூணையும் அடிச்சிடறேன். சரின்னு சொல்லுங்க, இன்னைக்கே சாவி."

சரி என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஒரு கதவு வேண்டும் என்று மூன்று வருடமாகக் கண்ணில் எண்ணெய் விட்டுக் காத்திருக்கிறேன். ஆனால் அந்த 'அடிச்சிடறேன்' இருக்கிறதே, மேஜையில் சிந்திய தண்ணீரைத் துடைக்கிற மாதிரி சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"அடிக்காதீங்க. நாலு பேரையும் உங்க முன்னாடி கொண்டுவந்து நிறுத்தறேன்."

"அஞ்சு மணிக்குப் பட்டியல் மேலே போகுது. அதுக்குள்ள நாலு பேரும் வரணும். ஒரு ஆள் குறைஞ்சாலும் பொய்த் தகவல்னு நாலையும் அடிச்சிடுவேன், உங்களோடதும் சேர்த்து. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு," என்று வைத்துவிட்டேன். போனைச் சார்ஜிலிருந்து பிடுங்கிக்கொண்டு கிளம்பினேன்.

பகலில் எங்கள் ஆட்கள் ஆளுக்கொரு மூலையில் கிடப்பார்கள். எலெக்ட்ரீஷியன் ஏதோ புதுக் கட்டடத்தில் கூலி வேலைக்குப் போயிருந்தான். கீழே நின்று ஹோட்டல் குரலை மூட்டை கட்டி வைத்துவிட்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். ஐந்தாவது மாடியிலிருந்து எட்டிப் பார்த்தவன், விஷயத்தைக் கேட்டதும் கையுறையைக் கழற்றிக்கொண்டே இறங்கி வந்துவிட்டான். மேஸ்திரி, இனிமேல் இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காதே என்று மேலேயிருந்து திட்டினார்.

"போனாப் போகுதுக்கா. வேற மேஸ்திரி கிடைப்பான்," என்றான்.

தையல்காரி பொதுக் குளியலறையில், தன்னிடம் இருக்கிற துணியையெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டு, காய்வதற்குக் காத்திருந்தாள். ஈரத்தோடு மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"ஜன்னி வந்தா என்னடி பண்ணுவே?"

"வந்தா வரட்டும். ரூம்ல படுத்துக்கறேன்," என்றாள் அவள்.

டிரைவர் அண்ணன்தான் சிக்கல். அறுபத்தெட்டு வயது. ஆம்புலன்ஸ் ஓட்டியவர். இப்போது இரண்டு காலும் வீங்கி, கட்டு மாற்றுவதற்காக ஊரின் மறுகோடியில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அவரைத் தேடிப் போய் நடத்திக் கூட்டி வந்தால் ஐந்து மணிக்குத் திரும்ப முடியாது. பாட்டில் பொறுக்குகிற ஒருவர் தள்ளுவண்டியோடு போய்க்கொண்டிருந்தார். முகம் தெரியும், அவ்வளவுதான். அவரிடம் சொன்னேன்.

"நீங்க போங்கம்மா. அவரை நான் பார்த்துக்கறேன்," என்று வண்டியைத் திருப்பிவிட்டார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாலரை மணிக்கு நாங்கள் மூன்று பேர் கவுண்டர் முன்னால் நின்றோம். தையல்காரியின் பாவாடையிலிருந்து தரையில் சொட்டியது. அதிகாரியம்மா எங்கள் மூன்று பேர் முகத்தையும் மனுவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூணு சரி. நாலாவது ஆள்?"

"வந்துட்டிருக்கார்."

நாலே முக்கால் ஆயிற்று. வாசலில் ஒரு ஈ காக்காய் இல்லை. என் அறையோடு இவர்கள் மூன்று பேர் அறைக்கும் சேர்த்து நானே கொள்ளி வைத்துவிட்டேனே என்று மனது அடித்துக்கொண்டது. ஐந்துக்கு ஐந்து நிமிடம். அதிகாரியம்மா சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தார்.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு ஆள் எழுந்தான். ஒல்லியாக, பரட்டைத் தலையோடு. அவனை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"நான்தாங்க அந்த டிரைவர்," என்றான்.

அடப்பாவி! தலையில் இடி இறங்கிய மாதிரி இருந்தது.

அதிகாரியம்மா கண்ணாடியைக் கீழே இறக்கிப் பார்த்தார். "உங்களுக்கு அறுபத்தெட்டு வயசா?"

நாற்பதுகூட இருக்காது அவனுக்கு. கொஞ்சமும் அசரவில்லை. "உடம்பை நல்லா வெச்சிருக்கேங்க," என்றான்.

எலெக்ட்ரீஷியனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நான் அவன் காலை மிதித்தேன். "நான் அப்பவே நினைச்சேன். எல்லாம் கூட்டுக் களவாணித்தனம்," என்று அதிகாரியம்மா என் மனுவை முதலில் எடுத்து முன்னால் வைத்தார்.

வாசலில் பாட்டில்கள் கலகலவென்று உருண்டன. தள்ளுவண்டியில் மூட்டைகளுக்கு நடுவே டிரைவர் அண்ணன் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் பாட்டில்காரர் இழுக்க, பின்னால் முன்பின் தெரியாத மூன்று பேர் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சிக்னலில் கார் துடைக்கிறவன் ஒருவன், ஆஸ்பத்திரி வாசலில் படுக்கிறவர்கள் இரண்டு பேர். வண்டி கதவுக்குள் நுழையவில்லை. அண்ணனைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார்கள்.

"சைரன் இல்லாமலே நேரத்துக்கு வந்துட்டோம் தங்கச்சி," என்றார் அண்ணன்.

மணி ஐந்தடிக்க ஒரு நிமிடம். அதிகாரியம்மா அவர் அடையாள அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். நாலு மனுவிலும் பச்சை முத்திரை குத்தி, சாவியை என் பக்கம் தள்ளினார். "மத்தவங்க பேர் அப்படியே இருக்கு. வரிசை வர்றப்போ கூப்பிடறேன்," என்றார். நான் சாவியை எடுத்து இறுகப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

"இப்ப நீங்க சொல்லுங்க," என்று அவர் அந்தப் பரட்டைத் தலையன் பக்கம் திரும்பினார். "நீங்க யாரு?"

அவன் தன் மனு எண்ணைச் சொன்னான். அவனும் அறைக்கு எழுதிப் போட்டவன்தான். போன் கிடையாது. பேர் கூப்பிடுகிற அன்று ஆள் இல்லாமல் போய்விடக் கூடாதே என்று எட்டு மாதமாகத் தினமும் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறான். அதிகாரியம்மா அவன் மனுவைத் தேடி எடுத்து மேஜையில் வைத்தார். சிவப்புப் பேனா இன்னும் கையிலேயே இருந்தது. எனக்கு வந்ததே கோபம்!

"உனக்கு அறிவிருக்கா? எங்களை யாருன்னே தெரியாது. உன் பேரை அடிச்சிருந்தா என்னப்பா பண்ணுவே?"

அவன் தலையைச் சொறிந்தான். "நாலு பேர் பேர் போகுதேன்னு பார்த்தேன். என்னோடது ஒண்ணுதானேக்கா," என்றான்.

பாட்டில்காரர் மூக்கை உறிஞ்சினார். அதிகாரியம்மா சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு நீலப் பேனாவை எடுத்தார்.

"தொடர்பு எண் கட்டம் காலியா இருக்கு. இப்படியே மேலே அனுப்ப முடியாது. எதை எழுதட்டும்?"

அவன் தரையைப் பார்த்தான்.

"என் நம்பரை எழுதுங்க," என்றேன்.

நம்பரைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தம்மா எழுத ஆரம்பித்திருந்தார். என் மனுவைப் புரட்டவும் இல்லை, என்னிடம் கேட்கவும் இல்லை. எட்டிப் பார்த்தேன். ஒரு எண்கூடத் தப்பில்லை.