மூன்றாவது க்யூப்

இரண்டாவது கான்கிரீட் க்யூபை நடுவாக வைத்து கிரிஜா அழுத்திப் பார்க்கும் இயந்திரத்தின் வால்வைத் திருகியபோது, ஆபீஸ் கிளார்க் வைஷாலி லேப் வாசலில் வந்து நின்றாள்.

"கிரிஜா, தும்ஹாரே பாயி கா ஃபோன். ஜல்தி ஆவோ."

அண்ணன் சந்தானத்தின் ஃபோன், ஆஸ்பத்திரியிலிருந்து; சீக்கிரம் வரச் சொன்னாள். காலையில் அப்பாவின் கட்டிலருகே அவனோடு சண்டை போட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"கல்லு உடைக்க இன்னிக்கேதான் போணுமா?" என்றிருந்தான் அவன்.

"வார்த்து இருபத்தெட்டாம் நாள் உடைச்சுப் பாக்கணும்ணா. இன்னிக்கு விட்டா மறுபடி வார்த்து, இன்னும் ஒரு மாசம். எம்.ஈ. தீசிஸ் குடுக்க மூணு வாரந்தான் இருக்கு. ரெண்டு மணி நேரத்துல வந்துடறேன்."

அப்பா ஜம்புநாதன் ஆக்ஸிஜன் முகமூடிக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். நேற்றைக்குத் தேவலை என்றுதான் டாக்டரும் சொன்னார்.

"தோ மினிட்," என்று இப்போது வாசலில் நின்ற வைஷாலியிடம் இரண்டு நிமிடம் கேட்டாள்.

பாரம் காட்டும் முள் ஏறியது. க்யூப் விரிசல் விட்டு, பொத்தென்று உடைந்தது. எண்ணைக் குறித்துக்கொண்டாள். மூன்றையும் உடைத்தால்தான் சராசரி. போய் ரிசீவரை எடுத்தால் திரும்பி வர முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மூன்றாவதைத் தூக்கி வைத்தாள். அவசரமாகப் பாரம் ஏற்றினால் கணக்குத் தப்பும். மெல்ல ஏற்றினாள். வைஷாலி மறுபடி வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

கிரிஜா போய் எடுத்தபோது லைன் கட்டாகியிருந்தது.

புணே காலேஜ் வாசலில் கிடைத்த முதல் ஆட்டோவில் தொற்றிக்கொண்டாள். வழியில் வழக்கமாக அரைமணி நிற்கவைக்கும் கோர்படி ரயில்வே கேட் அன்று திறந்தே கிடந்தது.

வார்டில் அப்பாவின் முகமூடியைக் கழற்றியிருந்தார்கள்.

"இப்பத்தான்டி. பத்து நிமிஷங்கூட ஆகல," என்றான் சந்தானம். "முழிச்சுண்டு உன்னைக் கேட்டார். வந்துண்டே இருக்கான்னு சொன்னேன். கதவையே பாத்துண்டிருந்தார்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"ஏன்டி இவ்ளோ நேரம்?"

"கேட் போட்டுட்டான்ணா."

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் அம்மா சரசாவை அழைத்து வந்தார். சரசா கட்டில் விளிம்பைப் பிடித்தபடி முதலில் கேட்டது, "பொண்ணு அவர் பக்கத்துல இருந்தாளாடா?"

"கேட் போட்டுட்டான்மா. அவ என்ன பண்ணுவா, பாவம்," என்றான் சந்தானம்.

கிரிஜா அப்பாவின் காலை மூடப் போர்வையை இழுத்தாள். வெள்ளைத் துணியில் அவள் விரல் பட்ட இடமெல்லாம் சிமெண்ட் தூள் அப்பியது. அந்த ஓரத்தை மடித்து மெத்தைக்கடியில் செருகினாள்.