ஒன்று அறுபத்தொன்று

இருபத்தொன்பது மணி நேரமாக எங்கள் பேருந்து எலவனாசூர்கோட்டையைத் தாண்டி ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. முன்னால் ஒரு புளியமரம் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. பின்னால் இன்னொன்று. இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் என்று எல்லோருக்கும் தெரியும். விடிவதற்குள் கிளம்பினால் தப்பிவிடலாம் என்று சின்னதுரை சார்தான் சொன்னார். மரம் வெட்டுகிறவர்கள் எங்களுக்கு முன்பே எழுந்திருந்தார்கள்.

மற்ற பயணிகள் நடந்தே ஊர் திரும்பிவிட்டார்கள். எங்கள் நால்வரால் போகமுடியவில்லை. பேருந்தின் கூரையில் உயரம் தாண்டும் கம்பங்கள் இரண்டும் குறுக்குக் கம்பும் இருந்தன. மாவட்டத் தேர்வு நடக்கவிருந்த கடலூரில் கம்பங்கள் இல்லையென்று எங்களையே கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். சார் உடற்பயிற்சி ஆசிரியர், மாவட்டத் தேர்வாளர். அணியில் இரண்டு பேர்: செங்கம்மாள் அக்கா, செந்தமிழ்ச்செல்வி. பெண்கள் அணியோடு ஒரு பெண் துணை போகவேண்டும் என்பது விதி. இயற்பியல் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த நான்தான் அந்த விதி.

அக்கா கல்வராயன் மலைக்காரர். முப்பத்திரண்டு வயது. பதினெட்டு வயதில் மலையில் நடந்த போட்டியில் ஒன்று அறுபத்தொன்று மீட்டர் தாண்டினார். இன்றுவரை அதுதான் மாவட்டச் சாதனை. அதை வைத்துத்தான் கள்ளக்குறிச்சியில் அவருக்கு அரசு வேலை கிடைத்தது. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் ஒன்று ஐம்பதிலோ ஐம்பத்திரண்டிலோ வென்றுவிடுவார். வென்றபிறகு கம்பை நேரே அறுபத்தொன்றுக்கு ஏற்றச் சொல்லி, மூன்று முறை தட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே வருவார். திமிர் என்று பேசிக்கொண்டார்கள்.

செல்விக்குப் பதினெட்டு. மாவட்டச் சாதனையைத் தொட்டால்தான் மாநிலப் போட்டிக்கு அனுப்புவார்கள். அவள் இதுவரை தாண்டியது ஒன்று ஐம்பத்தேழு. இந்த முறையும் போகாவிட்டால் தை மாதம் கல்யாணம் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு உளுந்தூர்பேட்டையில் டயர் கடை. அவள் அழும்போதெல்லாம் "டயரு, டயரு" என்றுதான் அழுவாள்.

புளியமரத்துக்குக் காவலாக இருந்த காசிநாதன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாக்கா, பந்தக்கால் எந்தக் கோயிலுக்கு?"

"கோயிலுக்கில்ல. தாண்டறதுக்கு."

"எங்க மரத்தத் தாண்டு பாப்பம்."

"அது படுத்துக்கினு கெடக்குது. எழுப்பி நிக்க வை, தாண்டறேன்."

மறியல்காரர்கள் சிரித்ததில் அவன் முகம் சுருங்கிவிட்டது.

அன்று மாலைக்குள் தேர்வு முடிந்தாகவேண்டும். சார் விதிப்புத்தகத்தை இரண்டு முறை படித்தார். எந்த ஊரில் என்று அதில் எழுதியிருக்கவில்லை. "அப்ப இங்கயே வெச்சிக்குவோம்" என்றார்.

காசிநாதன்தான் பக்கத்து வயலிலிருந்து வைக்கோலை இழுத்துவந்து குவித்தான். சமையலுக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியோடு வந்து நின்றார்கள். செல்வி அரைக்கால் சட்டையில் பேருந்திலிருந்து இறங்கத் தயங்கினாள். அக்கா முன்னால் இறங்கி, "எவனாவது விசிலடிச்சான், இந்தக் கம்பாலயே போடுவேன்" என்றார். யாரும் அடிக்கவில்லை. ஒரு பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

ஸ்டீல் டேப்பின் நுனியைத் தரையில் பிடிப்பது என் வேலை. அக்கா ஐம்பத்திரண்டோடு நின்றுகொண்டார். செல்வி ஐம்பத்தேழைச் சுத்தமாகத் தாண்டினாள். கூட்டம் கத்தியதில் பேருந்துக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஓட்டுநர் போலீஸ் வந்துவிட்டதென்று குதித்து ஓடினார்.

கம்பு அறுபத்தொன்றுக்கு ஏறியது. முதல் தடவை இடுப்பு தட்டியது. இரண்டாம் தடவை குதிகால்.

"ரெண்டு வெரக்கட எறக்குங்க சார், யாரு பாக்கப்போறா?" என்றான் காசிநாதன்.

"சட்டம்னு ஒன்னு இருக்குதுப்பா."

"அத மாத்தத்தான நாங்க ரோட்டுல குந்திக்கினு இருக்கறோம்."

மூன்றாம் தடவை கம்பும் செல்வியும் சேர்ந்தே வைக்கோலில் விழுந்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. வைக்கோலுக்குள்ளிருந்து "டயரு" என்று கேட்டது. சார் நோட்டைத் திறந்தார். அடுப்பில் சோறு தீய்கிற வாசனை வந்தது.

அக்கா குறுக்குக் கம்பை எடுத்து, மண்ணைத் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் செல்வியின் காலையே பார்த்தார். பிறகு எழுந்தார்.

"எழுதாதீங்க சார்."

"முடிஞ்சிதும்மா. சாதனை அறுபத்தொன்னு. பொண்ணால முடியல."

"என்னாலயுந்தான் முடியல. பதினாலு வருசமா வருசத்துக்கு மூணு தரம் பாக்கறேன். ஒருநாளாச்சும் நெசமாவே தாண்டிட்டா வாயத் தொறக்க வேணாம்னு இருந்தேன்."

"நெசமாவேன்னா? அன்னிக்கித் தாண்டினியே. நாந்தான அளந்தேன்!"

"அளந்தீங்க. துணி டேப்பு. நுனிய ஷூவால மிதிச்சிக்கினு அண்ணாந்து கம்பயே பாத்தீங்க. கீழ குனிஞ்சி பாத்தீங்களா?"

சார் தன் ஷூவைப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது.

"அப்பறம் வேல குடுத்துட்டாங்க. எப்பிடிச் சொல்றது?" அக்கா கம்பைக் கீழே வைத்தார். "அன்னிக்கி நான் தாண்டுனது ஒன்னு அம்பத்தாறுதான் சார். டேப்புல மொத அஞ்சு சென்டிமீட்டர என் ஆடு தின்னுடுச்சி."