வாட்கின்ஸ் பிடித்தவை

எல்றோய் வாட்கின்ஸ் குடியிருந்த ஈஸ்ட் ஹாம் தெருவில் எது விழுந்தாலும் அவருடைய கைக்குத்தான் போகும். பால் போத்தல், கூரை ஓடு, யாரோ தவறவிட்ட தேத்தண்ணிக் கோப்பை, எல்லாம் ஒன்றுதான். அவர் வீட்டுக்குள் இருந்தால் விழுந்த பொருள் வாசலில் இடுப்பளவு உயரத்தில் காத்து நிற்கும். 1986இல் அவருடைய மேல்மாடிக்குக் குடிவந்த மன்னார்ச் சோடி, அருள்நேசனும் மேரிறோஸும், முதல் கிழமையிலேயே இதைக் கண்டு, லண்டனில் இதுதான் வழக்கமாக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வாட்கின்ஸ் அமெரிக்கக் கறுப்பர். இளமையில் பேஸ்போல் ஆடியவர். வெள்ளையரின் கழகங்கள் கறுப்பரைச் சேர்க்காத காலம் அது. கறுப்பர் தங்களுக்கெனத் தனிப் போட்டிகள் நடத்தினார்கள். எறிகிறவனுக்கு எதிரே குந்தியிருந்து பந்து பிடிப்பது அவருடைய வேலை. பிடித்துப் பிடித்து வலக்கை விரல்கள் இஞ்சிக்கிழங்குபோலக் கோணிப்போயின. ஹோட்டல்கள் இடம் தராததால் அணி பஸ்ஸிலேயே படுத்தது. சாப்பாட்டைக் கடையின் பின்கதவால் வாங்கித் தின்றது. 1938இல் தெற்கே ஒரு சிற்றூரில் அவர்கள் வெள்ளையர் அணியை வென்றபோது கூட்டத்திலிருந்து போத்தல்கள் பறந்தன. முதல் போத்தல் எறிகிறவனின் நெற்றிக்குக் கிட்ட வந்து, வளைந்து, வாட்கின்ஸின் கைக்குப் போனது. மற்றவையும் அப்படியே. அவர் ஒவ்வொன்றாகப் புல்லில் வைத்தார். பிறகு அணி பஸ் ஏறிப் போனது. 1947இல் வெள்ளையர் கழகங்களின் கதவு திறந்தது. இளையவர்களைக் கூப்பிட்டார்கள், அவருக்கு முப்பத்தாறு வயது. போர்க்காலத்தில் சிப்பாயாக வந்தபோது பழகிய டோறிஸைத் தேடி லண்டனுக்குக் கப்பலேறி, அவளை மணந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கி, கடைசியில் அவளையும் அடக்கம்செய்தார்.

1989 கோடையில் தெருமுனையில், வெளிநாட்டாரை வெறுக்கும் மொட்டைத்தலை வெள்ளை இளைஞர்கள் நிற்கத் தொடங்கினார்கள். முதலில் மேரிறோஸைப் பார்த்து ஏசினார்கள், பிறகு ஜன்னலுக்குக் கல் எறிந்தார்கள். கல்லெல்லாம் வாட்கின்ஸிடம் போயிற்று. அவர் அவற்றை மதிலில் அடுக்கினார். பொலிஸ் வந்து கேட்டுப் போனது. அடுத்த கிழமை கல் பெரிதாயிற்று.

"நோர்பரிப் பக்கம் வீடு பாத்துப் போவம்," என்றான் அருள்நேசன்.

"அங்கையும் இவங்கள் இருப்பாங்கள்," என்றாள் மேரிறோஸ்.

ஆவணிச் சனிக்கிழமை பின்னேரம், அருள்நேசன் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்டில் இருக்க, வாட்கின்ஸ் பாண் வாங்கப் போயிருக்க, எரிகிற துணியொன்றை வாசற்கதவின் கடிதத் துவாரத்தால் உள்ளே தள்ளிவிட்டு ஓடினார்கள். அது விழவுமில்லை, எறியப்படவுமில்லை, தள்ளப்பட்டது. ஆகவே அவருடைய கைக்குப் போகவில்லை. அவர் திரும்பி வந்தபோது படிக்கட்டு எரிந்துகொண்டிருந்தது. மேல் ஜன்னலில் மேரிறோஸ், கைக்குழந்தை றோஸ்மலரோடு. வாட்கின்ஸ் நடைபாதையில் குந்தினார். எழுபத்தெட்டு வயது முழங்கால்கள் முறிவதுபோலச் சத்தமிட்டன.

"ஐயா, முந்தி ஆக்களைப் பிடிச்சிருக்கிறீங்களோ?" என்று மேலிருந்து ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இல்லை," என்றார். பிறகு, குழந்தையோடு விளையாடப் பழகிய ஒரே தமிழ்ச் சொல்லைச் சொன்னார்: "தா."

அவள் பின்னால் பார்த்தாள். திரைச்சீலை பற்றியிருந்தது. குழந்தையை வெளியே நீட்டிக் கைகளை விட்டாள்.

குழந்தை இறகுபோல் வந்து கோணல் விரல்களுக்குள் அடங்கியது. அந்த நேரம் கீழ் ஜன்னல் வெடித்தது. அவருடைய கைகள் நிறைந்திருந்தபடியால் கண்ணாடி நிலத்தில் விழுந்தது. குழந்தையை முன்வீட்டுச் சிவமலரிடம் கொடுத்துவிட்டு மறுபடி கையேந்தினார். மேரிறோஸ் குதித்தாள்.

பெரிய ஆள் என்பதால் காற்றில் மெதுவாகத்தான் வந்தாள். பாதி வழியில் அவருடைய கைகள் நடுங்கின. அவை தாழும்போதெல்லாம் அவளும் ஒரு குலுக்கலோடு தாழ்ந்தாள். ஷிப்ட் முடிந்து பஸ்ஸால் இறங்கிய அருள்நேசன் ஓடிவந்து கிழவரின் முழங்கைகளைத் தோளில் தாங்கினான். அவள் அந்தரத்தில் நின்று, பிறகு நிதானமாக இறங்கத் தொடங்கினாள். புகைக்குள் தீயணைப்பு வண்டியின் சைரன் கேட்டது.

"காலில செருப்பில்லையோ?" என்றான் அருள்நேசன், தலையை நிமிர்த்தாமல்.

"இல்லை."

கீழே முழுக்கக் கண்ணாடி. அவன் தாங்கிய முழங்கைகளை விடாமல், தன் சப்பாத்துகளைக் காலாலேயே கழற்றி, அவள் வரும் இடத்துக்குத் தள்ளிவைத்தான். மேரிறோஸ் அவற்றுக்குள் இறங்கி நின்று, சிவமலரிடம் பிள்ளையை வாங்கினாள்.